நூற்றெழுபது மைல், எழுபத்திரண்டு நிமிஷம்

போன வாரம் பயிற்சி வகுப்பு முடிந்து வெளியே வரும்போது உங்களில் ஒருவர் என்னை நிறுத்திக் கேட்டார். "சார், உங்க காலத்துல பெங்களூர்லேர்ந்து திருச்சிக்கு விமானம் எவ்வளவு நேரத்துல போகும்?" தூரத்தைக் கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பேன். நேர்கோட்டில் ஏறக்குறைய நூற்றெழுபது மைல். அன்றைக்கும் அதுதான், இன்றைக்கும் அதுதான். நேரத்துக்கு அப்படி ஒரே விடை கிடையாது. அதே விமானம், அதே விமானி, அதே இயந்திரம். ஒருநாள் ஒன்றரை மணிக்குள் போய்ச் சேரும், இன்னொரு நாள் இரண்டு மணியைத் தாண்டும். காற்று பின்னாலிருந்து தள்ளுகிறதா, முன்னாலிருந்து தடுக்கிறதா என்பதுதான் வித்தியாசம். அந்தக் காற்றை அளந்து சொல்வதற்குத்தான் நமக்குச் சம்பளம்.

நான் ஓய்வு பெற்ற அன்று மேடையில் பேசியவர்கள், முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு பிழையும் இல்லாமல் வேலை பார்த்தவர் என்று என்னைப் புகழ்ந்தார்கள். அது உண்மையில்லை. என் கோப்பின் முதல் சில பக்கங்களை அவர்கள் புரட்டவில்லை, அவ்வளவுதான். அதில் இருப்பதை இப்போது நானே உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

யுத்தம் முடிந்த மறுவருஷம். எனக்கு இருபத்துமூன்று வயது. ராசிபுரத்தில் பட்டு நெய்கிற குடும்பம் எங்களுடையது. எண்ணில் கொஞ்சம் கெட்டிக்காரன் என்பதால் இந்த வேலை கிடைத்தது. சேலத்துக்கு மேற்கே, ஊரை விட்டு மூன்று மைல் தள்ளி, ஒரு மேட்டு நிலத்தில் எங்கள் வானிலை நிலையம். தகரக் கூரை போட்ட இரண்டு அறைகள், வாயு சிலிண்டர்கள் வைக்க ஒரு கொட்டகை, வெட்டவெளியில் ஒரு செங்கல் தூண். தூணின் மேல் தியோடலைட் என்கிற கோணமானி, அதில் ஒரு சிறிய தொலைநோக்கி. வேலை செய்பவர்கள் இரண்டே பேர், பொறுப்பாளரும் நானும்.

தினமும் காலை ஆறரை மணிக்கு ஒரு ரப்பர் பலூனில் வாயு நிரப்பி மேலே விடுவோம். அது நிமிஷத்துக்கு ஐந்நூறு அடி ஏறும். தொலைநோக்கியால் அதைத் தொடர்ந்து, ஒவ்வொரு நிமிஷமும் எந்தத் திசையில், எவ்வளவு உயரக் கோணத்தில் இருக்கிறது என்று குறிப்போம். அதிலிருந்து காற்றின் திசையும் வேகமும் கணக்கிட்டு, சைக்கிளில் சேலம் தந்தி ஆபீசுக்குப் போய் பெங்களூருக்கும் திருச்சிக்கும் தந்தி கொடுப்போம். இதில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காற்று எங்கிருந்து வருகிறதோ அதுதான் காற்றின் திசை. பலூன் தெற்கே போனால், வீசுவது வடக்குக் காற்று. உங்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எனக்கும் சொல்லிக் கொடுத்தார்கள்.

அந்த நாட்களில் ஒரு தனியார் கம்பெனியின் சின்ன விமானம் வாரத்தில் சில நாள் பெங்களூரிலிருந்து திருச்சிக்குப் போய்வந்துகொண்டிருந்தது. விமானியும் நான்கு பயணிகளும்தான் உட்கார முடியும். மணிக்கு நூறு மைல் போகும். தரையோடு பேசுகிற கருவி அதில் கிடையாது. பெங்களூரிலிருந்து திருச்சிக்கு நேர்கோடு போட்டால் அது சேர்வராயன் மலை மேல் போகும், சேலத்தின் ஓரமாக வரும், பிறகு போதமலை, அதை விட்டால் கொல்லிமலை. கொல்லிமலை முடிந்தால்தான் முசிறிப் பக்கத்துக் காவிரிச் சமவெளி. வானம் தெளிவாக இருந்தால் விமானி மலைகளைக் கண்ணால் பார்த்துப் போவார். மேகம் மூடியிருந்தால் எட்டாயிரம் அடிக்கு ஏறி மேகத்துக்கு மேலே பறப்பார். கீழே தரை தெரியாது. கடிகாரம், திசைகாட்டி, நாங்கள் அனுப்பிய காற்று, இந்த மூன்றையும் வைத்து நிமிஷத்தை எண்ணி, மலைகளைத் தாண்டிவிட்டோம் என்று கணக்கு சொன்ன பிறகு மேகத்துக்குள் இறங்குவார்.

எங்கள் பொறுப்பாளர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். அதிகம் பேச மாட்டார். நான் சேர்ந்த புதிதில் ஒருமுறை சொன்னார்: "நீ காகிதத்துல எழுதுற எண்ணு, மேல போறவனுக்குத் தரை மாதிரி. இருக்குதுன்னு நம்பிக் காலை வைப்பான்." ஒவ்வொரு கணக்கையும் இரண்டு தடவை பார்க்க வேண்டும், இரண்டாவது தடவை முதல் காகிதத்தைப் பார்க்காமல் புதிதாகப் போட வேண்டும் என்பது அவர் வைத்த விதி. வழக்கமாக இரண்டாவது தடவையை அவரே போடுவார்.

ஐப்பசி மாதம். கிழக்குக் கரையில் ஒரு புயல் உருவாகிக்கொண்டிருந்தது. ஒரு வாரமாக வடக்கேயிருந்து காற்று. பலூன் தினமும் ராசிபுரம் பக்கமாகப் போனது. நான் தினமும் 'வடவடமேற்கு' என்று எழுதினேன். புயல் கரையைக் கடந்து, வலுவிழந்து, எங்கள் தலைக்கு மேலாக மேற்கே நகர்ந்துபோனது. அன்று காலையில் பார்த்தால் வானம் முழுக்க சாம்பல் நிற மேகம். சேர்வராயன் மலை பாதிக்கு மேல் தெரியவில்லை. தரையில் காற்றே இல்லை, ஓர் இலை அசையவில்லை.

பொறுப்பாளருக்கு இரண்டு நாளாகக் குளிர்காய்ச்சல். உள்ளறையில் கம்பளி போர்த்திப் படுத்திருந்தார். நான் தனியாகப் பலூனை விட்டேன். மேகத்துக்குள் மறையும்வரை எட்டு நிமிஷம் கிடைத்தது. கணக்குப் போட்டு முடித்தபோது உள்ளேயிருந்து கேட்டார்.

"ரெண்டு தடவை பார்த்தியா?"

"பார்த்துட்டேன் சார்."

நான் பார்க்கவில்லை. ஒரு தடவைதான் போட்டிருந்தேன். பசி, சைக்கிளில் மூன்று மைல் போக வேண்டும், ஒரு வாரமாக வருகிற அதே விடைதான் வந்திருக்கிறது. அதனால் வாயில் வந்ததைச் சொன்னேன். 'வடவடமேற்கு, இருபது மைல் வேகம்' என்று ஏழே கால் மணிக்குத் தந்தி கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தேன்.

எங்கள் வேலிக்கு அடுத்த நாலு ஏக்கர் பழனியம்மாளுடையது. முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் மேட்டூரில் ஆலை வேலைக்குப் போய்விட்டதால் உழவிலிருந்து அறுப்புவரை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டவர். பறித்த நிலக்கடலையைக் களத்தில் குவித்து வைத்திருந்தார். எட்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும், வேலி ஓரமாக வந்து நின்றார்.

"ஏனுங்க சாமி, ஒண்ணு கேக்கோணுமுங்க."

"சொல்லுங்கக்கா."

"ஒரு வாரமா உங்க பந்து ராசிபுரத்துப் பக்கமேதான் போச்சுங்க. இன்னைக்கு ஓமலூருப் பக்கம் திரும்பிப் போச்சுங்களே. அப்படின்னா மழை மறுபடியும் வருமுங்களா? கடலைக்காயைக் காயப் போடறதா, ஊட்டுக்குள்ள அள்ளி வெக்கறதான்னு ஒண்ணும் புரியலைங்க."

கையிலிருந்த சோற்றை வைத்துவிட்டு எழுந்தேன். "எந்தப் பக்கம்னு சொன்னீங்க?"

"ஓமலூருப் பக்கமுங்க. அந்தப் பனைமரத்துக்கு மேலாலதான் போச்சு. நான் கடலைக்காட்டுல நின்னு பார்த்துட்டுத்தானே இருந்தேன்."

உள்ளே ஓடிக் காகிதத்தை எடுத்தேன். கடைசி நிமிஷத்தில் பலூன் இருந்த கோணம் முந்நூற்று முப்பத்தைந்து. அதாவது வடவடமேற்கு. அது பலூன் போன திசை. காற்று வந்த திசை அதற்கு நேர் எதிர், தென்தென்கிழக்கு. திருப்பிப் போட வேண்டியதை நான் திருப்பவில்லை. ஒரு வாரமாக எழுதிப் பழகிய அதே சொல் கண்ணில் பட்டதும் கை அதை அப்படியே எழுதிவிட்டது. ராசிபுரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று தொலைநோக்கியில் பார்த்தவன் நான்தான். அது என் மண்டையில் ஏறவே இல்லை.

நீங்கள் தப்பு செய்வீர்கள். எல்லோரும் செய்கிறோம். தெரிந்தவுடன் அடுத்த ஒரு நிமிஷத்தில் என்ன செய்கிறீர்கள் என்பதை மட்டும் கவனியுங்கள். எனக்கு அந்த ஒரு நிமிஷத்தில் பொறுப்பாளரை எழுப்பாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. வாசல்வரை போயும்விட்டேன். பிறகு திரும்பி அவர் கட்டிலருகே போனேன்.

"சார், திசையைத் தலைகீழா எழுதிட்டேன். தந்தி போயிடுச்சு."

எழுந்து உட்கார்ந்தார். "ரெண்டு தடவை பார்த்தேன்னு சொன்னியே?"

"பார்க்கலை சார். ஒரு தடவைதான்."

கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். "அதை அப்புறம் பேசிக்கலாம். விமானம் எட்டரைக்குக் கிளம்பும். நீ போ."

தந்தி ஆபீசில் அன்று இருந்த குமாஸ்தா எனக்குப் பழக்கமானவர், சேலத்துக்காரர். பெங்களூர்க் கம்பியில் வரிசையாகச் செய்திகள் போய்க்கொண்டிருந்தன. படிவத்தை எடுத்து வேகமாக எழுதி நீட்டினேன்: 'காற்று திசை மாறியது. இப்போது தென்தென்கிழக்கு.'

இந்த வாக்கியத்தைத்தான் நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அதைப் பொய்யென்று யாராலும் நிரூபிக்க முடியாது. காற்று மாறக்கூடியதுதான். என் பெயருக்கு ஒரு கீறலும் விழாது. யோசித்துச் செய்த தந்திரம் அது என்றுகூடச் சொல்ல மாட்டேன். பயந்துபோனவன் கை தானாக எழுதிய வாக்கியம்.

குமாஸ்தா படித்துவிட்டுச் சொன்னார்: "காத்து மாறுறது தினமும் நடக்குறதுதானேப்பா. இதுக்காக மத்த செய்தியை நிறுத்த முடியாது. வரிசையில வை. அரை மணியில போயிடும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் சொன்னது போலவே பெங்களூரிலும் நினைப்பார்கள். 'மாறியது' என்று படிக்கிற விமானி என்ன கணக்குப் போடுவார்? காலையில் வடக்குக் காற்றாக இருந்திருக்கிறது, சேலத்தில் இப்போதுதான் திரும்பியிருக்கிறது, ஆகவே பாதி வழி பின்காற்று கிடைக்கும் என்று போடுவார். வீசாத ஒரு காற்றை நம்பி எண்ணிக்கொண்டு வருவார். மாறிப்போன காற்றும் வீசவே வீசாத காற்றும் நிமிஷத்தை எண்ணுகிறவனுக்கு ஒன்றல்ல.

படிவத்தைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதினேன்: 'காலையில் அனுப்பிய திசை தவறு. வடவடமேற்குக் காற்று வீசவே இல்லை. தென்தென்கிழக்கு என்று கொள்க. விமானத்தை நிறுத்துக. உயிராபத்து. தவறு என்னுடையது.' கீழே என் பெயரை முழுதாக எழுதினேன்.

அவர் இரண்டு தடவை படித்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "கடைசி வரி வேணுமா? இந்தக் காகிதம் இங்க பத்திரமா இருக்கும். நாளைக்குக் கேட்டா இதைத்தான் எடுத்துக் காட்டுவாங்க."

"இருக்கட்டுங்க. அனுப்புங்க."

அவர் போய்க்கொண்டிருந்த செய்தியைப் பாதியில் நிறுத்தி, இதைத் தட்டினார். மணி எட்டு பதினெட்டு.

பதில் எட்டு முப்பத்திரண்டுக்கு வந்தது. மேகம் கூடுவதைப் பார்த்து விமானி முன்னதாகவே கிளம்பிவிட்டார். எட்டு இருபதுக்குப் புறப்பாடு. தொலைபேசியில் எங்கள் சேதியைக் கேட்ட ஆள் ஓடிப்போய் நிறுத்துவதற்குள் விமானம் தரையை விட்டிருந்தது. பயணிகள் மூன்று பேர். திரும்ப அழைக்க வழியில்லை.

குமாஸ்தா என்னைப் பார்த்தார். நான் படிவத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட ஆரம்பித்தேன். விமானியின் கணக்கில் காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது. நூறும் இருபதும் நூற்றிருபது. எழுபத்திரண்டு நிமிஷத்தில் நூற்று நாற்பத்துநான்கு மைல் வந்து, கொல்லிமலையைத் தாண்டிவிட்டதாக நினைப்பார், இறங்குவார். உண்மையில் காற்று எதிரே வருகிறது. நூறில் இருபது போனால் எண்பது. எழுபத்திரண்டு நிமிஷத்தில் வந்திருப்பது தொண்ணூற்றாறு மைல்தான். தொண்ணூற்றாறாவது மைலில் இருப்பது சேலம். அங்கே மேகத்துக்குள் இறங்க ஆரம்பித்தால் எதிரே போதமலையும் கொல்லிமலையும், இரண்டும் மேகத்துக்குள். மணி ஒன்பது முப்பத்திரண்டு.

ஒரு மணி நேரம் இருந்தது. அதில் அழுவதற்கும் நேரம் இருந்தது, உபயோகமாக ஏதாவது செய்வதற்கும் நேரம் இருந்தது. இரண்டுக்கும் சேர்த்து இல்லை. 'சேலம்' என்று நானே எழுதிய சொல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் எங்கள் தலைக்கு மேலாகத்தான் வரப்போகிறார். எங்களுக்கும் அவருக்கும் நடுவே மேகம். மேகத்தைத் துளைத்துக்கொண்டு மேலே போகிற பொருள் சேலம் ஜில்லாவிலேயே எங்களிடம்தான் இருந்தது. பெங்களூருக்கும் திருச்சிக்கும் இடையில் பலூன் விடுகிற நிலையமும் எங்களுடையது ஒன்றுதான். அந்த விமானிக்கு அது தெரியும்.

திருச்சிக்கும் செய்தி கொடுக்கச் சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பொறுப்பாளர் கம்பளியோடு வெளியே தூணருகில் நின்றுகொண்டிருந்தார். மூச்சு வாங்க நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எட்டாயிரம் அடிக்குப் பதினாறு நிமிஷம் ஆகும். ஒண்ணு நிரப்ப நாலு நிமிஷம். எத்தனை அனுப்ப முடியும்?"

"ரெண்டு சிலிண்டரையும் திறந்தா ஏழெட்டு சார்."

"அப்போ வழக்கமான அளவு வேண்டாம். இன்னும் கொஞ்சம் ஊதினா சீக்கிரம் ஏறும். வெடிக்கிறது வெடிக்கட்டும். சிவப்பு எத்தனை இருக்கு?"

பெட்டியில் பன்னிரண்டு சிவப்பு பலூன்கள் இருந்தன. மேகத்துக்கு எதிரே தெரியட்டும் என்று மேகமூட்டமான நாட்களுக்காக வைத்திருந்தவை. அதற்கு மேல் ஸ்டாக் வர மாதம் பிறக்க வேண்டும். ஆனாலும் பெட்டியோடு எடுத்து வந்தேன்.

அவர் ஒரு சிலிண்டரிலும் நான் இன்னொன்றிலும் நின்றோம். நிரப்புவது ஆகிவிடும், வாயைச் சுற்றி நூல் கட்டுவதுதான் தாமதம். அவருக்குக் காய்ச்சலில் விரல் நிற்கவில்லை. பழனியம்மாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னாச்சுங்க சாமி? நான் ஏதாவது தப்பாச் சொல்லிப்போட்டனா?"

"நீங்க சரியாத்தான் சொன்னீங்க. நான்தான் தப்பு பண்ணிட்டேன். மேல ஒரு விமானம் வருது. இந்தப் பந்தைப் பார்த்தாத்தான் அதுக்கு வழி தெரியும்."

அவர் வேலியைத் தாண்டி வந்துவிட்டார். "நூலை இங்க குடுங்க. நான் கட்டறனுங்க." மூட்டையின் வாயைக் கட்டுகிற கை அது. இரண்டு சுற்று, ஒரு இழுப்பு, முடிந்தது. அந்த நேரம் பாதையில் ஒரு வண்டிக்காரர் வேடிக்கை பார்க்க வண்டியை நிறுத்தினார். வாயில் பீடி. ஒரு பொறி பட்டால் போதும், பலூன் வாயு பற்றிக்கொள்ளும். பொறுப்பாளர் கையை உயர்த்தினார். "அங்கயே நில்லுங்க. பீடியைக் கீழ போட்டு மிதிங்க." காய்ச்சல்காரர் குரல் மாதிரியே இல்லை. வண்டிக்காரர் மிதித்துவிட்டு அப்படியே நின்றார்.

முதல் பலூன் ஒன்பது மணி இரண்டு நிமிஷத்துக்குப் போனது. அதிகமாக ஊதியதில் ஒன்று கையிலேயே வெடித்தது. இன்னொன்று மேகத்தைத் தொடும் முன் வெடித்தது. ஒன்பது இருபதுக்குள் ஏழு பலூன்கள், ஒன்றன்பின் ஒன்றாக, பனைமரத்துக்கு மேலாக ஓமலூர்ப் பக்கம் சாய்ந்து ஏறி மேகத்துக்குள் போயின. அவர் வருகிற பாதையும் அதுதான். அதற்குப் பிறகு விடுவதில் பிரயோஜனம் இல்லை, மேலே போய்ச் சேர்வதற்குள் விமானம் தாண்டிவிடும். மூன்று மீதி இருந்தன. பொறுப்பாளர் சிலிண்டரை மூடிவிட்டு, என்னிடம் கடிகாரத்தைக் கொடுத்தார்.

இனிமேல் காதால் கேட்பது மட்டும்தான். மேகத்துக்குள் இறங்குகிற விமானி இயந்திரத்தின் வேகத்தைக் குறைப்பார். சத்தம் தணியும். தணிந்தால் அவர் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

ஒன்பது இருபத்தெட்டுக்கு ஓமலூர்ப் பக்கமிருந்து மெல்ல ஒரு ரீங்காரம் கேட்டது. பழனியம்மாள்தான் முதலில் கையை நீட்டினார். சத்தம் வளர்ந்தது. ஒன்பது முப்பது. முப்பத்தொன்று. தலைக்கு மேலே எங்கோ இருந்தது, எங்கே என்று சொல்ல முடியவில்லை. முப்பத்திரண்டு ஆனபோது நான் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். பொறுப்பாளர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

சத்தம் தணியவில்லை. அதே சுருதியில் எங்களைத் தாண்டி, போதமலைப் பக்கமாகப் போய், கொஞ்சம் கொஞ்சமாகச் சிறிதாகி, அப்படியே மறைந்தது.

"குறைக்கலை சார்," என்றேன்.

"கேட்டேன். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. சந்தோஷப்படாதே. தந்தி ஆபீசுக்குப் போய் உட்காரு."

கிளம்பும் முன் அவர் பழனியம்மாளைப் பார்த்து, "கடலையை உள்ளே எடுத்து வெச்சிடுங்கம்மா. சாயங்காலத்துக்குள்ள மழை உண்டு," என்றார். அந்த அம்மாள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. அவருக்கு மறக்கவில்லை. மூன்று மணிக்கெல்லாம் மழை கொட்டியது.

தந்தி ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. குமாஸ்தா எனக்கு டீ வரவழைத்தார், நான் குடிக்கவில்லை. பத்து முப்பத்தைந்துக்குக் கருவி தட்டியது. அவர் எழுதி முடிக்கும் முன்பே வாய்விட்டுப் படித்தார்: "பத்து இருபத்தேழு. இறங்கியது. எல்லாரும் நலம்." நூற்றெழுபது மைலுக்கு நூற்றிருபத்தேழு நிமிஷம்.

விசாரணை வந்தது. நான் இரண்டையும் எழுதிக் கொடுத்தேன். திசையைத் திருப்பாமல் எழுதியதை, இரண்டு தடவை பார்த்ததாகப் பொய் சொன்னதை. முதலாவது பிழை, இரண்டாவது குற்றம் என்று விசாரிக்க வந்த அதிகாரி சொன்னார். சரியாகத்தான் சொன்னார். ஆறு மாதம் நான் தனியாக எந்தக் கணக்கும் அனுப்பக் கூடாது என்று உத்தரவானது. காய்ச்சலோடு படுத்தபடி வாயால் கேட்டதோடு விட்டது தன் தவறு என்று பொறுப்பாளர் தன் பெயரையும் அறிக்கையில் சேர்த்துக்கொண்டார். நான் தடுக்கப் பார்த்தேன். "உனக்காக எழுதலை. நடந்தது அதுதான், அதனால எழுதினேன்," என்றார். பொய் சொன்னதைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அந்த ஆறு மாதமும், நான் போட்ட ஒவ்வொரு கணக்கையும் என் எதிரில் உட்கார்ந்து புதிதாகப் போட்டார். ஒருநாள்கூட விடவில்லை. எனக்குக் கிடைத்த தண்டனை அதுதான். நான் பெற்ற படிப்பும் அதுதான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் அந்த விமானியே எங்கள் நிலையத்துக்கு வந்தார். பெங்களூரில் வளர்ந்த தமிழர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஓமலூர் பஸ்ஸிலிருந்து இறங்கி வெயிலில் நடந்து வந்திருந்தார். நான் யாரென்று சொன்னதும் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். திட்டப் போகிறார் என்று தயாராக நின்றேன். திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டியவன்தான்.

"அறுபத்தெட்டாவது நிமிஷம்," என்றார். "இறங்கறதுக்கு மனசால தயாராயிட்டேன். பின்னால உட்கார்ந்திருந்த டாக்டர்தான் தோளைத் தட்டி, அது என்னன்னு கேட்டார். வலது பக்கம், வெள்ளை மேகத்துல சிவப்பா ஒண்ணு. கொஞ்சம் தள்ளி இன்னொண்ணு. உங்க பலூன்னு தெரிஞ்சுது. ஆனா நான் சேலத்தை அம்பதாவது நிமிஷமே தாண்டியிருக்கணும். அப்ப என் கணக்குல ஏதோ தப்புன்னு புரிஞ்சுது. அங்கேர்ந்து மறுபடியும் ஒண்ணு, ரெண்டுன்னு எண்ண ஆரம்பிச்சேன். காவிரி கண்ணுல படறவரைக்கும் இறங்கலை."

"தப்பு என்னோடதுங்க," என்றேன்.

"தெரியும். திருச்சியில உங்க தந்தியைக் காட்டினாங்க." பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார், அந்தத் தந்தியின் நகல். "மறுநாள் காலையில நான் திரும்பிப் போகணும். அங்க இருந்த ஒருத்தர், சேலத்துக் கணக்கை நம்பாதீங்க, நேத்துதானே ஆளைக் கொல்லப் பார்த்தாங்கன்னு சொன்னார். நான் இதை இன்னொரு தடவை படிச்சேன். அப்புறம் சேலத்துலேர்ந்து தந்தி வரட்டும்னு ஒரு மணி நேரம் காத்திருந்து, அதை வெச்சுத்தான் கிளம்பினேன்."

"ஏன்?" என்று கேட்டேன். கேட்கக் கூடாதுதான். ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"தப்பா எழுதறவங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க. தப்பா எழுதினேன்னு கையெழுத்துப் போடறவர் இருக்கற ஊர் எதுன்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது."

அவர் சொன்னது முழுக்க உண்மையில்லை, முதலில் நான் எழுதிய படிவம் வேறு. அதையும் அவரிடம் சொன்னேன். கிழித்துப் போட்டதைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு அடுத்த வாரம் தான் கிளம்பப் போகிற நாட்களைச் சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நடந்தார். அதற்குப் பிறகு நான் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தேன். ஒவ்வொரு காலையும் எழுதிய எண்ணின் கீழே என் பெயரை முழுதாக எழுதினேன்.